தனியடைப்பில் இருப்பவருக்கு நடத்தை ஆதரவுத் திட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்காவின் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகப் பகுதி) ஜெயில்களில் பணியாற்றும் தமிழர்கள், உள்ளே இருப்பவர்களின் வீட்டார், உளவியலும் சமூகப்பணியும் படிக்கும் மாணவர்கள் ஆகியோரிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். தனிநபர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டோம்.

கேள்வி: தனியடைப்பு என்பதே ஒரு தண்டனைதானே? தண்டனையில் இருப்பவருக்கு எதற்கு ஆதரவுத் திட்டம்? (உளவியல் மாணவி, கோவை)

முதலில் ஜெயில் என்றால் யார் இருக்கும் இடம் என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் பிரிசன் என்பது தண்டனை பெற்றவர்களை வைத்திருக்கும் மாநில அல்லது மத்தியச் சிறை. ஜெயில் என்பது பெரும்பாலும் கவுண்டி ஷெரீப்பின் பொறுப்பில் உள்ளூரில் இருப்பது. அங்கே இருப்பவர்களில் பெரும்பான்மையோர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று இன்னும் எந்த நீதிமன்றமும் அவர்களைச் சொல்லவில்லை. கலீஃப் பிரவுடர் ஒரு பையைத் திருடினார் என்ற குற்றச்சாட்டில் 2010-இல், 16 வயதில், நியூயார்க் நகரின் ரைக்கர்ஸ் தீவு ஜெயிலுக்குக் கொண்டுபோகப்பட்டார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தார். அதில் சுமார் இரண்டு ஆண்டுகள் தனியடைப்பு. 2013-இல் வழக்கே கைவிடப்பட்டது. 2015-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தனியடைப்பைப் பற்றிப் பேசும்போது, விசாரணையே நடக்காமல் உள்ளே இருப்பவர்களைப் பற்றியும் பேசுகிறோம் என்பதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகள் (2015) ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் ஒருவரை அடைத்து வைப்பதைத் தனிமைச் சிறை என்கின்றன. தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் அது நீடித்த தனிமை. அதை அவ்விதிகள் தடை செய்கின்றன. நியூயார்க் மாநிலத்தில் 2022 மார்ச் 31 முதல் நடப்பில் இருக்கும், தனியடைப்பைக் கட்டுப்படுத்தும் ஹால்ட் சட்டம் மாநிலச் சிறைகளுக்கும் உள்ளூர் ஜெயில்களுக்கும் சேர்த்தே பொருந்தும். ஒரு நாளில் 17 மணி நேரத்துக்கு மேல் செல்லில் வைத்தாலே அது தனியடைப்பு. தொடர்ச்சியாக 15 நாள், அல்லது எந்த 60 நாளிலும் மொத்தம் 20 நாள், அதற்கு மேல் கூடாது.

எதற்கு ஆதரவுத் திட்டம் என்ற கேள்விக்கு எண்களே பதில் சொல்கின்றன. 2010 முதல் 2013 தொடக்கம் வரை நியூயார்க் நகர ஜெயில்களில் சேர்க்கப்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2014-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்தது. தனியடைப்பை ஒருமுறையாவது கண்டவை மொத்தச் சேர்க்கைகளில் 7.3 சதவீதம்தான். ஆனால் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட சம்பவங்களில் 53.3 சதவீதம் அந்தச் சிறு பகுதியில் நடந்தவை. உள்ளே இருந்த காலம், வயது, மனநோய் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் ஆபத்து 6.9 மடங்கு. தனியடைப்பு நடத்தையைத் திருத்தவில்லை. புதிய நடத்தைச் சிக்கல்களை உண்டாக்குகிறது. அதற்காகத் தனியடைப்பில் ஒரு நீட்டிப்பு, அதனால் இன்னொரு சம்பவம், பிறகு இன்னொரு நீட்டிப்பு என்று சங்கிலி நீள்கிறது. அந்தச் சங்கிலியை ஏதோ ஓர் இடத்தில் அறுக்க வேண்டும். நடத்தை ஆதரவுத் திட்டம், அதாவது ஒருவர் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்று கண்டறிந்து அதே தேவைக்கு வேறு வழியைக் கொடுக்கும் எழுத்துத் திட்டம், அதற்கான கருவி.

கேள்வி: எங்கள் ஜெயிலில் ஒருவர் கதவுக் கண்ணாடியை ஈரக் காகிதத்தால் மூடுகிறார், கழிப்பறையை அடைத்துத் தண்ணீரை வெளியே விடுகிறார், சாப்பாடு கொடுக்கும் துவாரத்தில் கையை வைத்துக்கொண்டு எடுக்க மறுக்கிறார். காவலர்கள் “கவனம் ஈர்க்கத்தான் செய்கிறான்” என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (செவிலியர், டெக்சாஸ்)

நீங்கள் செவிலியர் என்பதால் உடலிலிருந்து தொடங்குங்கள். நடத்தை என்று எழுதப்பட்ட எத்தனையோ கோப்புகளின் அடியில் வலியோ மருந்தோ இருக்கிறது. பல்வலி, மலச்சிக்கல், வலிப்பு, தலைக்காயம் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளால் வரும் உள் அமைதியின்மையில் மனிதர் உட்காரவே முடியாமல் நடந்துகொண்டே இருப்பார். அது கிளர்ச்சி என்று பதிவாகி, அதே மருந்தின் அளவு கூட்டப்படும். மோசமான தவறு இது. புதிதாக வந்தவர் என்றால் மது நிறுத்தத்தின் விளைவுகள் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும். பிதற்றலும் நடுக்கமுமான ஆபத்தான கட்டம் பெரும்பாலும் 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும். இடமாற்றத்தின்போது மருந்து விட்டுப்போயிருக்கிறதா? காது கேட்கிறதா? கதவுக்கு வெளியே நின்று சொல்லும் கட்டளை சரியாகக் கேட்காதவர் “கீழ்ப்படிய மறுத்தார்” என்றே பதிவாவார்.

இந்த நபரைப் பொறுத்தவரை இன்னொன்றையும் இன்றே பாருங்கள். தண்ணீரை வெளியே விடுகிறார் என்றால் காவலர்கள் செல்லின் குழாயை வெளியிலிருந்து நிறுத்தியிருப்பார்கள். அவர் லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவராக இருந்தால் நீர்ச்சத்துக் குறைந்து இரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறலாம். டெக்சாஸ் வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும். குழாயை நிறுத்தினால் குடிநீரைக் கையில் கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று பதிவும் வேண்டும்.

அடுத்தது பெயர் வைப்பது. “அடாவடி செய்தார்”, “மரியாதையில்லை”, “ஏமாற்றுகிறார்” போன்ற சொற்களால் ஒன்றையும் அளக்க முடியாது. கேமராவில் தெரிவதை மட்டும் எழுதுங்கள்: “கதவுக் கண்ணாடியின் பாதிக்கு மேல் மூடி, எடுக்கச் சொன்ன பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்திருத்தல்.” இருவர் தனித்தனியே ஒரே நேரத்தைக் கவனித்துப் பதிவு செய்யட்டும். பத்தில் எட்டு இடத்திலாவது இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வரையறையைத் திருத்தி எழுத வேண்டும்.

பிறகு ஏழு நாள் பதிவு. உயிருக்கு ஆபத்தான நடத்தை என்றால் மூன்று நாளே போதும், காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு வரி: நேரம், அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், நம் ஆட்கள் அடுத்து என்ன செய்தார்கள், முடிவில் அவருக்கு என்ன கிடைத்தது அல்லது எது விலகியது, எவ்வளவு நேரம் ஆயிற்று. புதிய படிவம் அடிக்க வேண்டியதில்லை. ரோந்துப் பதிவேடு, சாப்பாடு மறுத்த பதிவு, தொலைபேசிப் பட்டியல், பலப்பிரயோக அறிக்கை எல்லாவற்றிலும் பாதிச் செய்தி ஏற்கெனவே இருக்கும். ஒரு தாளில் 7 வரி, 24 கட்டம் போட்டு சம்பவ நேரங்களைக் கறுப்பாக்கினால் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஷிப்ட் மாறும் நேரமா, மருந்து வரும் நேரமா, கேன்டீன் சாமான் வரும் நாளா, நீதிமன்றம் போய்த் திரும்பிய மாலையா, பக்கத்துச் செல்லுக்கு ஒருவர் வந்த பிறகா என்று தேடுங்கள்.

“கவனம் ஈர்க்கிறான்” என்று காவலர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதோடு விசாரணையை முடித்துவிடுகிறார்கள், அங்கேதான் பிசகுகிறது. யாருடைய கவனம்? எதற்காக? தனியடைப்பில் காலையில் கொடுத்த விண்ணப்பத்துக்கு இரவு வரை பதில் வராமல் போகலாம். தண்ணீர் வெளியே ஓடினால் சார்ஜன்ட் ஐந்து நிமிடத்தில் வருகிறார். எது வேலை செய்கிறது என்பதை அந்தக் கட்டடம் தினமும் அவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. நாம் கண்டுபிடிக்க வேண்டியது, அவர் ஒன்றைப் பெறப் பார்க்கிறாரா (பேச்சு, தொலைபேசி, மருத்துவர், இடமாற்றம்), ஒன்றிலிருந்து விலகப் பார்க்கிறாரா (இரைச்சல், பக்கத்துச் செல்லின் மிரட்டல், கூட்டமான முற்றம்), அல்லது அந்தச் செயலே உடலுக்கு ஏதோ ஒன்றைத் தருகிறதா என்பதை. வெறுமையான செல்லில் கதவை உதைப்பது சிலருக்கு வேறு எதுவும் தராத உணர்ச்சியைத் தரும். ஒரே நடத்தைக்கு காலையில் ஒரு காரணம், மாலையில் வேறு காரணம் இருப்பதும் உண்டு.

இறுதியாக அவரையே கேளுங்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்காதீர்கள், அடுத்த செல்லுக்கு எல்லாம் கேட்கும். மிரட்டுபவனைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தனி அறைக்கு அழைத்துவந்து, “அதைச் செய்வதற்குக் கொஞ்சம் முன்னால் உங்களுக்கு என்ன தேவைப்பட்டது?” என்று கேட்டால் பெரும்பாலோர் நேராகவே சொல்வார்கள்.

கேள்வி: பதிவு முடிந்தது. திட்டத்தில் என்ன எழுத வேண்டும்? எத்தனை பக்கம்? (சமூகப்பணியாளர், நியூயார்க்)

காவலர்களுக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் இரவு ஷிப்டில் யாரும் படிக்க மாட்டார்கள். நோய் விவரம், மருத்துவக் குறிப்பு எல்லாம் மருத்துவக் கோப்பில் இருக்கட்டும். இந்த ஒரு பக்கம் காவல் மேசையில் இருக்க வேண்டும், செல் கதவில் ஒட்டக் கூடாது.

தலைவரி ஒரே வாக்கியம்: “ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் நின்று பேசாதபோது, குறிப்பாக மாலை ஷிப்ட் மாறிய பின், கண்ணாடியை மூடுகிறார், சார்ஜன்ட் வந்து பேசுகிறார்.” இதை எழுத முடியவில்லை என்றால் இன்னும் பதிவு போதவில்லை என்று பொருள்.

அடுத்து, சம்பவத்துக்கு முன்பே கொடுக்க வேண்டியது. இதற்குக் கணக்கு உண்டு. ஏழு நாளில் 28 சம்பவம், விழித்திருக்கும் நேரம் நாளுக்கு 16 மணி என்று வைத்துக்கொள்வோம். 112 மணி நேரத்தில் 28, அதாவது சராசரியாக 4 மணிக்கு ஒன்று. அப்படியானால் 3 மணிக்கு ஒருமுறை, அவர் என்ன செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், ஒருவர் வந்து மூன்று நிமிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும். விதிகளைப் பற்றிய பேச்சு அதில் வேண்டாம். இடைவெளி எப்போதும் சராசரியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூடுதலாக வைத்தால் சம்பவம் முந்திக்கொள்ளும். பேச்சு சம்பவத்துக்குக் கிடைத்த பரிசாகிவிடும். மூன்று நாள் அமைதியாகப் போனால் 3 மணியை 4 ஆக்கலாம், பிறகு 5. சறுக்கினால் ஒரு படி மட்டும் பின்னால் வர வேண்டும், தொடக்கத்துக்கு அல்ல.

மூன்றாவது, பழைய நடத்தையின் வேலையைச் செய்யும் மாற்றுவழி. எளிமையானது வேண்டுகோள் அட்டை. தடித்த தாளில் “சார்ஜன்ட்”, “செவிலியர்”, “சத்தம் தாங்கவில்லை”, “தொலைபேசி” என்று எழுதி, படிக்கத் தெரியாதவருக்குப் படமும் சேர்த்து, கதவிடுக்கில் நீட்டினால் போதும் என்று சொல்லுங்கள். இந்த வழி பழைய வழியைவிடச் சுலபமாகவும் விரைவாகவும் இருந்தே ஆக வேண்டும். வெள்ளம் விட்டால் ஐந்து நிமிடம், அட்டை நீட்டினால் இரண்டு மணி நேரம் என்றால் அட்டை இரண்டே நாளில் குப்பைக்குப் போகும். தொடக்க வாரத்தில் அட்டைக்கு ஐந்து நிமிடத்துக்குள் ஆள் வர வேண்டும். பதில் “இப்போது முடியாது, நான்கு மணிக்கு” என்று இருக்கலாம். ஆனால் நான்கு மணிக்கு நடக்க வேண்டும். அவர் இப்போது நாளுக்கு நான்கு முறை சார்ஜன்ட்டை வரவழைக்கிறார் என்றால் ஆறு அட்டை கொடுங்கள். பற்றாக்குறையோடு தொடங்காதீர்கள்.

நான்காவது, சம்பவம் நடந்தால் என்ன செய்வது என்பது. எல்லா ஷிப்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருவரே பேசுவார், குறைந்த சொல், அமைதியான குரல், ஒரு கட்டளை, பத்து விநாடிக் காத்திருப்பு. தலைக்காயமோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ உள்ளவருக்கு அந்தப் பத்து விநாடி மிக முக்கியம். அதற்குள் மூன்று பேர் மூன்று கட்டளை கத்தினால் அவர் எதையும் செய்ய முடியாமல் நிற்பார், அது மறுப்பாகப் பதிவாகும். பலப்பிரயோகத்துக்கு முன்னால் அவரை அறிந்த மனநலப் பணியாளரை அழைக்க வேண்டும் என்றும், அந்த ஷிப்டில் யாரை அழைப்பது என்றும் தாளிலேயே இருக்கட்டும்.

சாப்பாட்டுத் துவாரப் பிரச்சினைக்குத் தனியாக ஒரு வரி. கையைப் பிடித்துத் தள்ளவோ கதவை அழுத்தவோ கூடாது, விரல் போய்விடும். பின்னால் விலகி நின்று மேலதிகாரியை அழையுங்கள். தடுக்கும் வழி அதற்கு முன்பே இருக்கிறது. தட்டில் எல்லாம் இருக்கிறதா என்று கண்ணாடி வழியாகக் காட்டிய பிறகு துவாரத்தைத் திறக்க வேண்டும். நிலுவையில் உள்ள புகாருக்குப் பதில் தெரிந்தால் அப்போதே சொல்ல வேண்டும். பல நேரம் கை அங்கே நிற்பது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகரும் ஒரே மனிதரை நிறுத்துவதற்காக.

கேள்வி: கெட்ட நடத்தைக்குப் பரிசு கொடுப்பது போல இல்லையா? எங்கள் பாதுகாப்பை யார் பார்ப்பது? (சீர்திருத்தக் காவலர், கலிஃபோர்னியா)

மலமும் சிறுநீரும் முகத்தில் வீசப்படும் இடத்தில் வேலை செய்பவர் கேட்கும் கேள்வி இது, மதிப்போடு பதில் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலச் சிறைக் காவலர்கள் நடத்திய வேலைநிறுத்தத்திலும் ஹால்ட் சட்டத்தால் பாதுகாப்புக் குறைந்துவிட்டது என்பது முக்கியமான முறையீடு. ஆள் பற்றாக்குறையில், கட்டாயக் கூடுதல் ஷிப்டில் நிற்பவரிடம் மூன்று மணிக்கு ஒருமுறை பேசச் சொல்வது சுலபமல்ல.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். ஒரு செல்லிலிருந்து ஒருவரைப் பலவந்தமாக வெளியே எடுக்க ஐந்தாறு பேர் கவசம் அணிந்து வர வேண்டும். கேமரா, மருத்துவப் பரிசோதனை, ஒவ்வொருவரும் எழுதும் அறிக்கை எல்லாம் சேர்ந்து ஒரு ஷிப்டே போய்விடும். மூன்று நிமிடப் பேச்சு நாளுக்கு ஐந்து முறை என்றால் 15 நிமிடம்.

பரிசு என்பதில் வரிசைதான் முக்கியம். சம்பவம் நடந்த பிறகு அதை நிறுத்துவதற்காகத் தொலைபேசி கொடுத்தால் சம்பவத்தை வளர்க்கிறோம். இன்று பல ஜெயில்களில் களைத்துப்போன காவலர்கள் செய்வது இதைத்தான். அதே தொலைபேசியை நேரப்படியோ, அட்டை நீட்டியதற்கோ கொடுத்தால் அட்டையை வளர்க்கிறோம். கொடுக்கும் பொருள் ஒன்றே.

ஓர் எச்சரிக்கையை ஷிப்ட் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பழைய வழி பலிக்காமல் போகத் தொடங்கும் நாள்களில் நடத்தை சற்றுக் கூடும், சத்தம் ஏறும், புதிய வடிவமும் எடுக்கலாம். மின்தூக்கியின் பொத்தான் வேலை செய்யாவிட்டால் நாமும் நான்கு முறை வேகமாக அழுத்துகிறோம் அல்லவா, அதுபோல. அந்த நாள்களில்தான் பெரும்பாலான திட்டங்கள் “பலிக்கவில்லை” என்று கைவிடப்படுகின்றன. அதைவிடக் கெட்டது, ஆறாவது உதையில் ஒருவர் மனமிரங்கிக் கொடுத்துவிடுவது. இனி ஆறு உதை தேவை என்று அவர் கற்றுக்கொள்வார். வீசும் நடத்தை உள்ளவருக்கு இந்த நாள்களில் முகக்கவசத் தடுப்பு, கதவிலிருந்து பக்கவாட்டில் நிற்பது, இருவராகச் செல்வது எல்லாம் திட்டத்தின் பகுதியாகவே எழுதப்பட வேண்டும்.

கேள்வி: ஊக்கமாக எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? (அதே வாசகர்)

கொடுக்கக்கூடியவை: கூடுதல் தொலைபேசி நிமிடங்கள், டேப்லெட் நேரம், வானொலி, கூடுதல் குளியல், கேன்டீன் பொருள், முற்றத்தில் கூடுதல் நேரம், விரும்பும் காவலரோடு ஓர் ஆட்டம் சீட்டு. எது அவருக்கு இனிக்கும் என்று அவரே ஐந்தைத் தேர்ந்தெடுக்கட்டும்.

பறித்துவைத்துத் திருப்பித் தரக் கூடாதவை: உணவு, குடிநீர், மெத்தை, உடை, மருந்து, சோப்பு, வழக்கறிஞரின் கடிதமும் சந்திப்பும், சட்டம் கட்டாயமாகச் சொல்லும் வெளிநேரம். இவை உரிமைகள், ஊக்கப் பட்டியலில் சேரவே கூடாது. உணவையும் குடிநீரையும் குறைப்பதை மண்டேலா விதி 43 வெளிப்படையாகவே தடை செய்கிறது.

கேள்வி: தன்னைக் காயப்படுத்திக்கொள்பவருக்கும் இதே முறைதானா? (ஆலோசனை மாணவர், சென்னை)

இல்லை. காயத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது எந்தத் திட்டத்திலும் இடம்பெறக் கூடாது. “கவனத்துக்காகச் செய்கிறார்” என்று நம்பப்பட்டவர்களும் இறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் உடனடி மருத்துவம், அன்றே தற்கொலை ஆபத்து மதிப்பீடு. கண்காணிப்பு என்றால் தீவிர ஆபத்தில் இடைவிடாத நேரடிப் பார்வை. மற்றவர்களுக்கு 15 நிமிடத்தைத் தாண்டாத, ஒழுங்கில்லாத இடைவெளியில் சோதனை. கடிகாரம் போல் சரியாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் இடையில் எவ்வளவு நேரம் தனியாக இருப்போம் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். நேரத்தை முன்கூட்டியே எழுதி நிரப்பிய சோதனைத் தாள்கள் உயிரைப் பறித்தவை.

நடத்தைத் திட்டம் இந்தப் பாதுகாப்புக்குப் பதிலாக வராது, பக்கத்தில் நிற்கும். காயத்துக்கு வரும் சிகிச்சை எப்போதும் ஒரே அளவாக, கடுமையோ ஏளனமோ இல்லாமல் நடக்கட்டும். ஆறுதலான நீண்ட பேச்சு, விருப்பமான பணியாளரின் வருகை ஆகியவை காயமில்லாத நேரங்களில் ஏராளமாகக் கிடைக்கட்டும். தற்கொலைக் கண்காணிப்பு செல்லே தனியடைப்பைவிட வெறுமையாக இருக்கும் ஜெயில்கள் உண்டு. அங்கே போகப் பயந்தே மனிதர்கள் தம் எண்ணத்தை மறைக்கிறார்கள். அந்த நிலையில் திட்டம் எழுதுபவர் முதலில் சண்டை போட வேண்டியது அந்தச் செல்லின் நிலைமைக்காக.

கேள்வி: நல்ல திட்டம் எழுதினோம். இரண்டு வாரத்தில் சரிந்துவிட்டது. எங்கே பிசகியிருக்கும்? (மனநலப் பணியாளர், வாஷிங்டன் மாநிலம்)

திட்டம் நடந்ததா என்று முதலில் பாருங்கள். நேரப்படி செய்ய வேண்டிய பேச்சுகளில் எத்தனை நடந்தன, அட்டைகளில் எத்தனைக்கு ஐந்து நிமிடத்துக்குள் ஆள் வந்தார் என்று ஷிப்ட் வாரியாக எண்ணுங்கள். பத்தில் எட்டுக்குக் கீழே இருந்தால் திட்டம் தோற்கவில்லை, இன்னும் தொடங்கவே இல்லை. பெரும்பாலும் வார இறுதியும் இரவும்தான் காலியாக இருக்கும். பயிற்சி பகல் ஷிப்டுக்கு மட்டும் நடந்திருக்கும்.

அடுத்த சந்தேகம் படிநிலை முறை. “30 நாள் சம்பவமில்லாமல் இருந்தால் இரண்டாம் நிலை” என்பது பல ஜெயில்களின் வழக்கம். நாளுக்கு நான்கு முறை கதவை உதைப்பவருக்கு 30 நாள் என்பது எட்டாத தூரம். 26-ஆம் நாள் ஒருமுறை சறுக்கினால் பூஜ்யத்துக்குத் திரும்பச் சொன்னால் 27-ஆம் நாள் அவர் இழக்க ஒன்றுமில்லாத மனிதர். முதல் ஊக்கம் அதே ஷிப்டுக்குள் கிடைக்க வேண்டும். சம்பாதித்ததைத் திரும்பப் பறிக்கக் கூடாது.

பிறகு இடமாற்றம். பிரிவு மாறிய அன்று தாள் கூடவே போனதா? புதிய பிரிவின் காவலருக்கு யாராவது வாய்ச்சொல்லாகவும் சொன்னார்களா? இன்னொன்று, ஒழுங்கு நடவடிக்கைக் குழு. திட்டம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அதே நடத்தைக்கு விசாரணை அதிகாரி மேலும் பத்து நாள் தனியடைப்பு விதித்திருப்பார். மனநோயோ வளர்ச்சிக் குறைபாடோ நடத்தைக்குக் காரணமாக இருந்ததா என்று பார்த்த பிறகே தண்டனை, அதிலிருந்து நேராக விளைந்த செயலுக்குத் தண்டனையே இல்லை என்கிறது மண்டேலா விதி 39. திட்டத்தின் ஒரு பிரதி விசாரணைக்கு முன்பே அந்த அதிகாரியின் கையில் இருக்க வேண்டும். அதே சமயம், மருத்துவப் பணியாளர் தண்டனை விதிப்பதில் எந்தப் பங்கும் எடுக்கக் கூடாது என்று விதி 46 சொல்கிறது. “தனியடைப்பைத் தாங்குவார்” என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்தும் மாறவில்லை என்றால் தலைவரி தவறு. பேச்சுக்காகச் செய்கிறார் என்று நினைத்திருப்போம். அவரோ பக்கத்துச் செல்காரனிடமிருந்து தப்பப் பார்த்திருப்பார். செல்லை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 20 வயது, ஆட்டிசம் உண்டு. நியூ ஜெர்சியில் கவுண்டி ஜெயிலில் தனியாக அடைத்திருக்கிறார்கள். யாரிடம் கேட்டாலும் ரகசியம் என்கிறார்கள். நான் என்ன செய்ய முடியும்? (ஒரு தாய்)

அம்மா, உங்களுக்குச் சொல்லக் கூடாது என்பதுதான் அவர்களின் கட்டுப்பாடு. நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அதைப் பயன்படுத்துங்கள்.

இன்றே ஒரு பக்கம் எழுதுங்கள். பெயர், பிறந்த நாள், மருத்துவர்கள் சொன்ன நோய், இப்போதைய மருந்துகளும் அளவும், எந்த மருந்தகம், ஒவ்வாமை. அதற்குக் கீழே அவரை எது நிலைகுலைக்கும் (திடீர்த் தொடுதல், ஒரே நேரத்தில் இருவர் பேசுவது, குறிப்பிட்ட சத்தம், உணவு வகை), அப்போது வெளியே என்ன தெரியும், எது அமைதிப்படுத்தும், கட்டளையைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் எடுப்பார் என்று எழுதுங்கள். பள்ளியில் அவருக்கு நடத்தைத் திட்டம் இருந்திருந்தால் அதைத் தேடி எடுங்கள். உள்ளே இருப்பவர்கள் ஒரு வாரம் பதிவு செய்து கண்டுபிடிக்க வேண்டியது அதில் ஏற்கெனவே எழுதியிருக்கும். கைதான சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அந்தத் தாளில் வேண்டாம். வழக்கறிஞர் பார்த்த பிறகு ஜெயிலின் மருத்துவப் பிரிவுக்கும், மாற்றுத்திறனாளிகள் சட்ட ஒருங்கிணைப்பாளருக்கும் அனுப்புங்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள அரசு அமைப்பு அப்படி ஒருவரை நியமித்தாக வேண்டும். 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் சிறைகளுக்கும் பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

2019-இல் இயற்றப்பட்ட நியூ ஜெர்சிச் சட்டம் கவுண்டி ஜெயில்களையும் கட்டுப்படுத்துகிறது. தொடர்ந்து 20 நாள், எந்த 60 நாளிலும் மொத்தம் 30 நாள் என்பது பொதுவான உச்சவரம்பு. 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களும், வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் அச்சட்டத்தில் தனிப் பாதுகாப்புப் பெற்ற பிரிவினர். உங்கள் மகன் இரண்டு வகையிலும் வருகிறார். இதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேட்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். எத்தனையாவது நாள் என்று நாள்காட்டியில் குறித்துவாருங்கள். மகன் கையெழுத்திட்டால் உங்களோடு பேச மருத்துவப் பிரிவுக்கு அனுமதி கிடைக்கும். அந்தப் படிவத்தை அவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேசும்போது வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள், தமிழில் பேசினாலும் பதிவாகும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பேச முடிந்தால் அதுவே அவருக்கு ஓர் ஊன்றுகோல்.

கேள்வி: இந்தியச் சட்டத்தில் தனிமைச் சிறைக்கு என்ன வரம்பு? (சட்ட மாணவர், மதுரை)

நீதிமன்றம் கடுங்காவல் தண்டனையின் பகுதியாக மட்டுமே விதிக்க முடியும். மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் கூடாது, ஒரே முறையில் 14 நாளைத் தாண்டக் கூடாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 73, 74 பிரிவுகளில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 11, 12 பிரிவுகளில் தொடர்கிறது. சிறை அதிகாரி தானாகவே ஒருவரைத் தனிமையில் வைக்க முடியாது என்பதற்கு 1978-ஆம் ஆண்டின் சுனில் பத்ரா தீர்ப்பைப் படியுங்கள். மரண தண்டனைக் கைதி என்பதாலேயே திகார் சிறையில் பத்ராவைத் தனிமையில் வைத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

கேள்வி: திட்டம் எப்போது முடியும்? (சமூகப்பணியாளர், நியூயார்க்)

தனியடைப்பிலிருந்து வெளியே வரும் தேதி முதல் நாள் தாளிலேயே இருக்க வேண்டும். அது இல்லாத திட்டம், மனிதரைச் செல்லுக்குள் அமைதியாக வைத்திருக்கும் ஏற்பாடாக மட்டுமே முடியும். அதை எழுதித் தர நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. நியூயார்க்கில் தனியடைப்புக்குப் பிறகு மாற்றப்படும் மறுவாழ்வுக் குடியிருப்புப் பிரிவுகளில் நாளுக்கு ஏழு மணி நேரம் செல்லுக்கு வெளியே தர வேண்டும் என்று ஹால்ட் சட்டம் சொல்கிறது. அங்கே மாறும்போது ஒரேயடியாக முப்பது பேர் கூடும் அறையில் விட்டுவிடாதீர்கள். முதலில் ஒருவரோடு, பிறகு மூன்று பேரோடு, அதன் பின் முழுக் குழு. வாரக்கணக்கில் இரைச்சலும் முகங்களும் இல்லாமல் இருந்தவர் அவற்றுக்குத் திரும்பப் பழக வேண்டும். வெளியே வந்த முதல் வாரத்தில் பேச்சு இடைவெளியைப் பாதியாகக் குறையுங்கள், அட்டைகள் கூடவே போகட்டும்.

ஜெயில் என்பதால் இன்னொன்று. பிணை கிடைத்தோ வழக்கு தள்ளுபடியாகியோ அவர் நீதிமன்றத்திலிருந்தே வீட்டுக்குப் போகலாம், செல்லுக்குத் திரும்பாமலே. ஆகவே வழக்குத் தேதிக்கு முந்தைய நாளே மருந்துச் சீட்டு, வெளி மருத்துவமனையில் முதல் சந்திப்பின் நேரம், ஒரு பக்கத் திட்டத்தின் பிரதி மூன்றும் அவருடைய வழக்கறிஞரிடம் சேர்ந்திருக்க வேண்டும். அவர் சம்மதித்தால் வீட்டில் ஒருவருக்கும் அந்தப் பிரதியைக் கொடுத்து, அட்டைகளை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று விளக்கிவிடுங்கள்.